இரண்டு மணி நேரக் கின்ட்சுகி வகுப்பு: எந்தப் பசை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

கேள்வி இது: ஜப்பானில் ஒரு வாரம் இருக்கப் போகிறோம், பாதி கியோத்தோவில், பாதி தோக்கியோவில். உடைந்த பீங்கானைப் பொன்கோடு தெரிய ஒட்டும் கின்ட்சுகி வகுப்பு ஒன்றுக்குப் போக ஆசை. இரண்டு மணி நேரத்தில் முடிகிற வகுப்பு உண்மையான கின்ட்சுகிதானா? வீட்டில் உடைந்து கிடக்கும் கோப்பையைக் கொண்டுபோகலாமா? ஒட்டிய பிறகு அதில் காபி குடிக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டு மணி நேரத்தில் முடித்து அன்றைக்கே கையில் கொடுத்துவிடும் வகுப்பில் ஒட்டுவது எபாக்ஸி. நம்மூரில் அரால்டைட் என்று வாங்குகிறோமே, அந்த வகை. சில்லு போன இடத்தை நிரப்புவது எம்-சீல் போன்ற பிசைகிற எபாக்ஸி. மேலே போடும் பொன்கோடு பெரும்பாலும் பித்தளைத் தூள். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஜப்பானிலேயே இதற்கு 'கன்-இ கின்ட்சுகி', அதாவது எளிய கின்ட்சுகி என்ற பெயர் இருக்கிறது. ஒழுங்கான பயிற்றுநர்கள் அறிவிப்பிலேயே அப்படிப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போடாமல் 'பல நூற்றாண்டு மரபு' என்று மட்டும் எழுதி, இரண்டே மணி நேரம் என்று சொல்லும் இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மரபு வழியில் பசை, நிரப்பும் களிம்பு, மேல்பூச்சு எல்லாமே உருஷி. உருஷி மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால் அது. 10 முதல் 15 ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் சுமார் 200 மில்லிதான் தரும். அத்தோடு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். ஜப்பானுக்குள் இது அதிகம் எடுக்கப்படுவது இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியில். ஆனால் நாடு முழுவதும் செலவாகும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது.

உருஷி பெயிண்ட் மாதிரி உலர்வதில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம். அதில் லக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். அப்போதுதான் ஆக்சிஜன் சேர்ந்து பால் கெட்டியாகிறது. 20 முதல் 28 டிகிரி வெப்பமும் 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் தோதானவை. அதற்காக நனைத்த துணி போட்ட மூடிய பெட்டிக்குள் வைப்பார்கள், பெயர் முரோ. வெயிலில் வைத்தாலோ ஹேர் டிரையர் பிடித்தாலோ உருஷி பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும்.

முழு வேலை இப்படிப் போகும். உடைந்த விளிம்புகளை வைர அரத்தால் லேசாக மழுக்கி, பதப்படுத்தாத பச்சை உருஷியை மெல்லத் தடவித் துடைத்து இறுக விடுவார்கள். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதில் ஏறக்குறைய சம அளவு உருஷி சேர்த்து, நூல் மாதிரி இழுபடும் வரை தேய்ப்பார்கள். இதுதான் ஒட்டும் பசை, முகி-உருஷி. இரு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் இறுக்கி, முரோவில் ஒன்றிலிருந்து மூன்று வாரம். இரு ஓடுகளுக்கு நடுவே மாட்டிய பசைக்குக் காற்று மெதுவாகத்தான் போய்ச் சேரும், அதனால் இந்தக் கட்டத்தில் அவசரம் ஆகாது. பிறகு பிதுங்கியதைச் சுரண்டி, பள்ளங்களை சபி-உருஷியால் நிரப்புவார்கள். தோனோகோ என்ற நுண்ணிய மண்தூளைத் தண்ணீரில் குழைத்து உருஷி சேர்த்த களிம்பு அது. ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் போட்டால் மேல்தோல் இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். பெரிய ஓட்டைக்கு மரத்தூளும் சணல் நாரும் கலந்த கொக்குசோ. அடுத்து நீர் போட்டு உப்புத்தாளால் தேய்ப்பு, கறுப்பு உருஷிப் பூச்சு, மறுபடி தேய்ப்பு, அதன் மேல் இரும்புச் செம்மண் நிறத்தில் பெங்காரா உருஷி. அது அரைகுறையாக இறுகியிருக்கும்போது பொன்தூள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நாள் காத்திருப்பு. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மாதம், அவசரப்படாத ஆசிரியரிடம் ஆறு மாதம்.

ஆகவே பயணிக்குக் கிடைக்கும் வகுப்புகள் இரண்டு வகை. ஒன்று எளிய கின்ட்சுகி. ஒன்றரை முதல் மூன்று மணி நேரம், பல இடங்களில் 5,000 யென்னிலிருந்து 15,000 யென் வரை. இன்னொன்று உருஷியில் ஒரு கட்டத்தை மட்டும் செய்ய விடும் வகுப்பு. ஒட்டி, நிரப்பி, கறுப்புப் பூச்சு வரை பயிற்றுநரே முடித்து வைத்த கிண்ணத்தில் நீங்கள் பெங்காரா கோடு இழுத்துப் பொன்தூள் போடுவீர்கள். கிண்ணம் அங்கேயே முரோவில் தங்கி, பிறகு தபாலில் வரும். இது எண்ணிக்கையில் குறைவு, விலையும் கூடுதல், தபால் செலவு தனி. வாரக்கணக்கில் தொடரும் வகுப்புகள் அங்கே வசிப்பவர்களுக்கானவை.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்? கைக்கு ஒரு பொருள் வேண்டும், உடைசலை ஒட்டும் முறை ஒரு தடவை கைக்குப் பழக வேண்டும் என்றால் எளிய வகுப்பே போதும். ஓடுகளைப் பொருத்துவது, கோடு இழுப்பது இரண்டும் அதிலும் உண்டு. கின்ட்சுகியின் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க விரும்பினால் ஒரு கட்டம் மட்டும் செய்யும் உருஷி வகுப்பு. எனக்கு இரண்டாவதுதான் காசுக்கேற்ற வேலை என்று படுகிறது. ஆனால் அதற்குப் போகும் முன் ஒவ்வாமை விஷயத்தைப் படித்துவிடுங்கள்.

உருஷியில் உருஷியோல் என்ற பொருள் இருக்கிறது. தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம், வீக்கம் வரும். உருஷி மரம் நம் மா, முந்திரி, சேராங்கொட்டை மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணானவர்கள், பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்து கை வெந்தவர்கள், சேராங்கொட்டை பட்டு மேல் வீங்கியவர்கள் உருஷி வகுப்பை விட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே உடம்புக்கு இந்த ஒவ்வாமை வந்திருந்தால் ஓரிரு நாளிலேயே தடிப்பு கிளம்பும். முதல் தடவை படுகிறவருக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட வரலாம், அதனால் வகுப்பில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதி கொள்ள முடியாது. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், மெல்லிய ரப்பர் கையுறையை உருஷியோல் ஊடுருவும். முழுக்கைச் சட்டை அவசியம். கையுறையோடு நெற்றியைத் துடைப்பது, கைபேசியைத் தொடுவது இரண்டும்தான் வழக்கமாக மாட்டிவிடுபவை. பட்டுவிட்டால் உடனே சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். முழுதாக இறுகிய உருஷி ஒன்றும் செய்யாது, தொந்தரவு பச்சையாக இருக்கும் வரைதான்.

இதிலிருந்து நாள் கணக்கும் வரும். உருஷி வகுப்பைப் பயணத்தின் கடைசி இரண்டு நாளில் வையுங்கள், தடிப்பு வந்தாலும் ஊர் சுற்றல் கெடாது. எளிய வகுப்பை நேர்மாறாக முதல் இரண்டு நாளில் வையுங்கள், பெட்டியில் அடுக்கும் முன் பூச்சு இறுகக் காலம் கிடைக்கும்.

சொந்தக் கோப்பை கொண்டுபோவது பற்றி. முன்கூட்டியே படம் அனுப்பிக் கேளுங்கள். பல வகுப்புகள் தாங்கள் தரும் உடைந்த தட்டில்தான் வேலை செய்ய விடும். கொண்டுவரச் சொன்னாலும் இரண்டு மூன்று துண்டானது, அல்லது வாய்விளிம்பில் சில்லு போனது மட்டும் எடுத்துப் போங்கள். ஏழெட்டுத் துண்டு அந்த நேரத்துக்குள் முடியாது. கண்ணாடி வேண்டாம். காது உடைந்த கப்பும் வேண்டாம், சூடான திரவத்தின் முழு எடையையும் அந்த ஒரு மூட்டு தூக்க வேண்டியிருக்கும்.

முக்கியமாக, தாத்தா பாட்டி காலத்துப் பொருளை எளிய வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். எபாக்ஸி ஓட்டின் நுண்துளைக்குள் இறங்கிவிட்டால் அதை முழுக்க எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பிறகு யாராவது உருஷியில் ஒழுங்காகச் செய்ய நினைத்தாலும் விளிம்பில் உருஷி பிடிக்காது. அதே காரணத்துக்காக, போவதற்கு முன் ஃபெவிக்விக் வைத்துத் தற்காலிகமாக ஒட்டிவைப்பதும் கூடாது. துண்டுகளைச் சோப்பு நீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று உரசினால் நுனி உதிர்ந்து, பொருந்தும் இடத்தில் இடைவெளி விழும். பொடித்துண்டுகளையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பதார்த்தம் வைத்த மண்பாத்திரமாக இருந்தால் எண்ணெய் விளிம்பில் ஊறியிருக்கும், எந்தப் பசையும் நிற்காது.

எளிய வகுப்பில் கவனம் வைக்க வேண்டிய இடம் பசை தொடுவதற்கு முந்தைய பத்து நிமிடம். துண்டுகளைப் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, எண் எழுதிய டேப்பை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். எந்த வரிசையில் சேர்ப்பது என்று முடிவு செய்யாமல் ஆரம்பித்தால், கடைசித் துண்டு உள்ளே நுழையாது. இருபக்கமும் ஒட்டியான பிறகு நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு மிஞ்சி நிற்கும், முதலில் ஒட்டியதைப் பிரிக்க வேண்டியதாகும். மூன்று துண்டுக்கே இது நடக்கிறது.

எபாக்ஸியின் இரு குழாயிலிருந்தும் சம அளவு பிதுக்கி, பல்குத்தும் குச்சியால் ஒரு நிமிடமாவது கலக்குங்கள். அளவு ஒருபக்கம் சாய்ந்தால் அந்த மூட்டு என்றைக்கும் ரப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு விளிம்பில், கனத்தின் நடுவே ஒரு மெல்லிய கோடாக வைத்தால் போதும். அழுத்தும்போது அது தானே பரவும். நிறைய வைத்தால் மூட்டுக்குள் பசையின் தடிமன் கூடி, அடுத்த துண்டு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும், அதற்கடுத்தது இன்னும் தள்ளும். அழுத்தியதும் நகத்தை மூட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் படி விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத படியும் நகத்துக்குத் தெரியும், அதைப் பொன்கோடு மறைக்காது, வெளிச்சத்தில் இன்னும் எடுத்துக் காட்டும். அந்த நிமிடமே சரிசெய்து டேப் போடுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி என்றால் ஐந்து நிமிடம்தான் அவகாசம், குளிர்காலத்தில் கொஞ்சம் கூடும்.

பிதுங்கிய பசையை ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், பரப்பெல்லாம் பூசிவிடும். இறுகியும் இறுகாமலும், நகம் பதிந்தால் தழும்பு விழும் பக்குவத்தில் கத்தியைப் படுக்கவைத்துச் சீவினால் நாடா மாதிரி வந்துவிடும். சில்லு போன இடத்தில் எபாக்ஸி மாவைச் சற்று மேடாக வைத்து, ஈரவிரலால் வழித்து, இறுகிய பின் 400, 600, 1000 எண் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்பான மெருகின் மேல் உப்புத்தாள் வழுக்கினால் கீறல் நிரந்தரம், ஆகவே சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மெருகில்லாத சொரசொரப்பான பாண்டத்தில் டேப் இரட்டிப்பு அவசியம், பூச்சு இறங்கினால் கறை போகாது.

கோடு இழுப்பதற்கு வருவோம். எளிய வகுப்பில் 'ஷின்-உருஷி' என்ற சாயத்தில் பித்தளைத் தூளும் சில துளி தின்னரும் கலந்து கொடுப்பார்கள். பெயரில் உருஷி இருந்தாலும் இது உருஷி இல்லை. நடுவிரலையும் சுண்டுவிரலையும் பாத்திரத்தில் ஊன்றி, தூரிகையை அசைக்காமல் பாத்திரத்தைத் திருப்புங்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம் போதும். கோடு விரிசலைவிட அகலமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் நடுங்கிய இடத்தைத் திருத்தப் போய் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் 4 மில்லிமீட்டர் ஆகிவிடும். தடிமனும் கூடாது.

உருஷியில் தடிமனுக்குத் தண்டனை உடனே தெரியும். மேல்பரப்பு முதலில் இறுகி, அடியில் பச்சை தங்கி, தோல் சுருங்கிச் சுருக்கம் விழும். அதைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை. பொன்தூள் போடும் நேரமும் உருஷியில்தான் கண்டிப்பு. கோடு இழுத்து முரோவில் சுமார் 10 முதல் 30 நிமிடம். பதம் பார்க்க வாயால் மெல்ல ஊதுவார்கள். ஊதிய மூச்சு பூச்சின் மேல் லேசான நீல மூட்டமாகப் படிந்து உடனே மறைந்தால் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் போட்டால் தூள் மூழ்கி மங்கலாகிவிடும், பொன்னும் அதிகம் செலவாகும். தாமதித்தால் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். தூளிலும் வகை உண்டு. பொன்தாளை அரைத்துச் செய்யும் கேஷிஃபுன் மிக நுண்ணியது. அதைப் பட்டுப் பஞ்சில் எடுத்துத் தேய்க்காமல் ஒற்றிப் பரப்புவார்கள், முதல் தடவைக்காரர்கள் கையில் கொடுப்பது இதுதான். கனமான மாருஃபுன்னைக் குழாயில் வைத்துத் தட்டித் தூவி, மேலே உருஷி பூசி உறையவைத்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அது ஓர் அமர்வில் முடியாது.

இனி காபி. மரபு முறையில் உருஷியும் உண்மைப் பொன்னும் போட்டு, முழுக்க இறுகிய பாத்திரத்தில் தாராளமாகக் குடிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு மாதம் போல விட்டுவைப்பது நல்லது. எளிய முறையில் செய்ததை அலங்காரப் பொருளாகவே வையுங்கள். ஷின்-உருஷி உணவுப் பாத்திரத்துக்கான பூச்சு இல்லை, புளிப்புப் பட்டால் பித்தளை கறுக்கும், பச்சை பிடிக்கும், சாதாரண எபாக்ஸி கொதிக்கும் திரவத்தில் இளகும். ஜப்பானின் உணவுச் சுகாதாரச் சட்ட அளவுகோலுக்கு உட்பட்ட பசையும் பூச்சும் பயன்படுத்துவதாகச் சொல்லும் வகுப்புகள் இருக்கின்றன. அப்படிச் சொன்னால், அது பசைக்கு மட்டுமா, பொன்கோட்டுப் பூச்சுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். வாய் படுவது கோட்டில்தான். எந்த முறையானாலும் மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம், இரவு முழுக்க ஊறப்போடுவது மூன்றும் வேண்டாம்.

வகுப்பில் ஒரு கதை சொல்லக்கூடும். 15ஆம் நூற்றாண்டில் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமசா ஒரு விரிசல் விட்ட பச்சைநிறப் பீங்கான் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பினார், அது அசிங்கமான உலோகக் கவ்விகளோடு திரும்பியது, அந்த வெறுப்பில் கின்ட்சுகி பிறந்தது என்று. அந்தக் கிண்ணத்தின் பெயர் பகோஹன், இன்றைக்கும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் கவ்விகளோடுதான் இருக்கிறது. கவ்விகளைப் பிடுங்கிவிட்டு யாரும் அதில் பொன் வைக்கவில்லை, மாறாக அந்தக் கவ்விகளுக்காகவே அது போற்றப்பட்டது. பிறப்புக் கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடே கேட்டுக்கொள்ளலாம். கின்ட்சுகியின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் தோக்கியோவின் ஹத்தாகேயாமா அருங்காட்சியகத்தில் ஹொன்'அமி கோஎத்சு என்ற பழைய கலைஞர் செய்த 'செப்போ' தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. எப்போதும் காட்சியில் இருக்காது, போகும் முன் அவர்கள் அட்டவணையைப் பாருங்கள்.

திரும்பும்போது: எளிய முறையில் செய்ததன் பசை ஒரு நாளில் முழு வலு பெறும், கோட்டின் பூச்சுக்கு மூன்று நான்கு நாள் கொடுங்கள். நேரடியாகக் குமிழித்தாளில் சுற்றினால் இளகிய பூச்சில் குமிழிகளின் வட்டத்தடம் வரிசையாகப் பதிந்துவிடும். முதலில் மென்மையான வழுவழுத் தாள், அதன் மேல் துணி, அதற்குப் பிறகுதான் குமிழித்தாள். கைப்பையில் எடுத்து வாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்கக் கிட் வாங்குகிறவர்கள் உள்ளே இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். டர்பன்டைன், தின்னர், ஆல்கஹால் புட்டி இருந்தால் அவை எரியும் திரவங்கள், கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்றக் கூடாது. கத்தி இருந்தால் அது சரக்குப் பெட்டிக்கு. உருஷிக் குழாயைப் பற்றி விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டர்பன்டைனை ஊரில் பெயிண்ட் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சென்னை போன்ற கடலோர ஊரில் பல மாதங்கள் முரோவே தேவைப்படாத அளவு ஈரம் காற்றில் இருக்கும். அங்கே உருஷி சீக்கிரம் இறுகிச் சுருக்கம் விழுவதுதான் தொல்லை, ஆகவே ஜப்பானியக் குறிப்பில் சொன்னதைவிட மெல்லிசாகப் பூசி, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு அடிக்கடி ஊதிப் பாருங்கள்.